ஒதுக்கத் தெரிந்த பெட்டி

ரேடியோ என்பது கேட்பதற்கான கருவி என்றுதான் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். பின்பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரியும். அதன் உழைப்பில் பெரும்பகுதி கேட்காமல் இருப்பதற்கே செலவாகிறது. நாகர்கோவிலில் ஒரு வீட்டு மாடிக்கும் எதிரே நிற்கும் தென்னைக்கும் நடுவே 20 மீட்டர் செம்புக் கம்பியைக் கட்டிவிட்டால் ஏரியல் வேலை முடிந்தது. பிறகு அதில் வந்து விழாதது எதுவுமில்லை. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கிய நாகர்கோவில் பண்பலை, திருநெல்வேலியின் 1197 கிலோஹெர்ட்ஸ், திருவனந்தபுரத்தின் 1161, கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பு, சீனத்துச் சிற்றலை, மலைக்கு மேல் வெட்டும் மின்னல், அடுத்த வீட்டு எல்.ஈ.டி. விளக்கின் சிணுங்கல் என்று எல்லாம் ஒரே கம்பியில், ஒரே நேரத்தில் வந்து இறங்கும். ஒரு கம்பிச்சுருளும் ஒரு கேங் கண்டன்சரும் சேர்ந்து இவ்வளவையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் உள்ளே விடுகின்றன. பழைய செட்டுகளோடு பழகப் பழக, ரேடியோவின் மேன்மை அதன் ஒதுக்கும் திறனில்தான் இருக்கிறது என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது. அவை கெட்டுப்போவதும் அந்தத் திறன் கெடும்போதுதான்.

என் மேசையில் இருப்பது பிசி-348 என்ற ரிசீவர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் பி-17, பி-24 குண்டுவீச்சு விமானங்களில் வானொலி ஆள் உட்கார்ந்திருந்த இடத்துக்காகச் செய்யப்பட்டது. எட்டு வால்வுகள், ஆறு பேண்டுகள். 200 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு பேண்டும், 1.5 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை மீதி ஐந்தும். விமானத்தின் 28 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் டைனமோட்டார் ஒன்று உள்ளே சுழன்று வால்வுகளுக்கு வேண்டிய உயர் அழுத்தத்தைக் கொடுக்கும். போர் முடிந்ததும் இத்தகைய பெட்டிகள் உலகமெங்கும் ராணுவக் கழிவாக எடைக்குப் போயின. ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் அவற்றை வாங்கி, டைனமோட்டாரைப் பிடுங்கிவிட்டு, அந்தக் குழியில் ஒரு ட்ரான்ஸ்பார்மரையும் ரெக்டிஃபையர் வால்வையும் வைத்து வீட்டு மின்சாரத்தில் ஓட விட்டார்கள். என் பெட்டியிலும் அந்த அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. செய்தவர் யாரென்று தெரியாது. மாற்றிய ரெசிஸ்டன்ஸின் மதிப்பை சேசிஸின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அடுத்து திறக்கப்போகிறவனை நினைத்து எழுதியது அது.

இந்திய ஹாம்களின் கதையில் பாதி இப்படிக் கழிவிலிருந்து எழுந்ததுதான். 1939இல் போர் வெடித்ததும் ஆங்கிலேய அரசு உரிமங்களை நிறுத்தி, ஒலிபரப்பிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னது. ஆனாலும் 1942 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் 42.34 மீட்டரில் காங்கிரஸ் ரேடியோவை ரகசியமாக நடத்தினார்கள். விடுதலைக்குப் பிறகும் கடையில் வாங்கும் செட்டு என்பது ஹாம்களுக்குக் கிடையாது. இறக்குமதி வரி தலைக்கு மேல். 1980களில், வி.யூ.2.ஆர்.ஜி. என்ற அழைப்புக்குறியோடு தாமே ஹாமாக இருந்த ராஜீவ் காந்தியின் காலத்தில்தான் அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது. அதுவரை சென்னை மூர் மார்க்கெட் போன்ற பழைய சாமான் சந்தைகள்தான் கதி. ஒலிபரப்பியின் கடைசிக் கட்டத்துக்கு 807 என்ற வால்வு. தலையில் உலோகத் தொப்பி வைத்திருக்கும் அழகன். அந்தத் தொப்பியில் 600 வோல்ட் நிற்கும் என்பதை மறந்தால் ஆள் இருக்கமாட்டான்.

அண்டை வீட்டுக் கதையும் வேறல்ல. இலங்கையில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித்துறைப் பொறியாளர், பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பி செய்து சோதித்தார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி பிறந்தது. குமரி மாவட்டத்தின் பல தலைமுறைக் காதுகளைத் தன்பக்கம் இழுத்து வைத்திருந்த நிலையத்தின் மூதாதை, ஒரு போர்க்கப்பலின் உதிரி பாகம்.

*

பல வருடம் தூங்கிய செட்டை நேராக மெயினில் சொருகக் கூடாது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகக் கோத்து, அதன் வழியாகத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே எங்கோ ஷார்ட். ட்ரான்ஸ்பார்மர் எரிவதற்குப் பதிலாக பல்பு எரிகிறது, அவ்வளவுதான். ஃபில்டர் கண்டன்சருக்குள் அலுமினியத் தகட்டின்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அந்தப் படலம்தான். உபயோகமில்லாமல் கிடந்தால் அது கரைந்து மெலிந்துவிடும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றினால் படலம் மறுபடி கட்டும். அவசரப்பட்டால் வெடிக்கும்.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் வடசேரிப் பக்கம் கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. முதல் பாடமே இதுதான்: "எடக்கையப் பொறத்தால கெட்டிக்கோ மக்கா. ஒத்தக் கையால தொட்டா ஷாக்கோட போவும். ரெண்டு கையும் வச்சா ஆளே போவும்." ஒரு கையில் நுழைந்து மறுகையில் வெளியேறும் மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் போகும். நாற்பது பக்கம் எழுதியும் எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அடுத்து, எந்த வால்வு செட்டிலும் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள்: கப்ளிங் கண்டன்சர். ஒலியைப் பெருக்கும் முதல் வால்வின் பிளேட்டுக்கும், ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வின் கிரிட்டுக்கும் நடுவே நிற்கும் சிறிய உருளை. அதற்கு இரண்டு கடமைகள். அலைந்து வரும் குரலை அந்தப் பக்கம் விட வேண்டும். பிளேட்டில் அசையாமல் நிற்கும் 90 வோல்ட்டை இந்தப் பக்கமே நிறுத்த வேண்டும். உள்ளே காகிதமும் மெழுகும்தான். காகிதம் ஈரத்தைக் குடித்துவிட்டால் இரண்டாவது கடமை தவறிப்போகும். கசிவுத் தடை 4 மெகாஓமாக இறங்கியிருக்கிறது, கிரிட்டிலிருந்து சேசிஸுக்குப் போகும் ரெசிஸ்டன்ஸ் அரை மெகாஓம் என்று வையுங்கள். கிரிட்டில் 10 வோல்ட் பாசிட்டிவ் வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டுப்படுத்த வேண்டிய கிரிட் இப்போது தூண்டிவிடுகிறது. கடைசி வால்வு தாங்க முடியாத மின்னோட்டத்தை இழுத்து, பிளேட் செம்மண் நிறத்தில் கனன்று, வெளியீட்டு ட்ரான்ஸ்பார்மரின் மெல்லிய கம்பி அறுந்துபோகும்.

விசித்திரம் என்னவென்றால், இந்தக் குற்றம் நடக்கும்போது செட்டு பாடிக்கொண்டுதான் இருக்கும். கொஞ்சம் கரகரக்கும், கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். கண்டன்சரை மல்டிமீட்டரில் வைத்தால் அதுவும் நல்லது என்றே சொல்லும். மீட்டர் தருவது ஒன்றிரண்டு வோல்ட். அந்த மென்மையான விசாரணையில் எந்தக் கண்டன்சரும் உண்மையைக் கக்காது. கிரிட் பக்கத்துக் காலைச் சோல்டர் எடுத்துத் தூக்கி, அந்தக் காலுக்கும் சேசிஸுக்கும் நடுவே மீட்டரை வைத்து, செட்டை ஓட விட வேண்டும். நல்ல கண்டன்சர் என்றால் முள் ஒருமுறை துள்ளிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். நான் சொன்ன 4 மெகாஓம் ஆசாமி, உள்தடை 10 மெகாஓம் உள்ள டிஜிட்டல் மீட்டரில் 64 வோல்ட் காட்டுவான். நிஜமான சுமையை ஏற்றினால்தான் வெளிப்படும் பலவீனம்.

பழைய செட்டுகளைத் திறந்து திறந்து பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள் அநேகமாக அப்படியே இருக்கின்றன. செம்புக் கம்பி, இரும்புத் தகடு, பித்தளை முனை, பெரும்பாலான வால்வுகள் எல்லாம் எண்பது வருடம் கழித்தும் தம் வேலையைச் செய்கின்றன. செத்துப்போவது தடுக்கும் பொருள்கள். காகிதம், மெழுகு, ரப்பர், பருத்தி நூல், ஆக்சைடு படலம். ஒயரின் ரப்பர் உறை தொட்டால் பொடியாக உதிர்கிறது, உள்ளே செம்பு புதுக்கருக்கோடு இருக்கிறது. எதையும் உள்ளே விடுவதற்கு உழைப்பு தேவையில்லை போலிருக்கிறது. வேண்டாம் என்று பிடித்து நிறுத்துவதற்குத்தான் ஒவ்வொரு நாளும் தேய வேண்டியிருக்கிறது.

நம் ஊர்க் காற்று இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டம் இது. கொளச்சலிலோ முட்டத்திலோ இருந்து வரும் செட்டின் சேசிஸில் உப்பு பூத்திருக்கும். வால்வு சாக்கெட்டின் பிடிகளில் பச்சைக் களிம்பு. ஐ.எஃப். கேனுக்குள் பூஞ்சை. மலையடிவாரத்திலிருந்து வருவதில் எறும்புப் புற்று. சேசிஸைத் திறந்ததுமே அது எந்தப் பக்கத்துச் செட்டு என்று அண்ணாச்சி சொல்லிவிடுவார்.

*

பழுது தேடுவதின் இன்பம் அதன் ஒழுங்கில் இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும். வால்யூம் கன்ட்ரோலின் மேல்முனையை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டால் 'ம்ம்ம்' என்று இரைய வேண்டும். இரைந்தால் அங்கிருந்து ஸ்பீக்கர் வரை குற்றமில்லை, வீட்டில் பாதி சோதனை முடிந்துவிட்டது. அடுத்து ஐ.எஃப். கட்டம், அதற்கும் முன்னே மிக்சர், அதற்கும் முன்னே ஏரியல். எங்கே சத்தம் அறுகிறதோ அங்கே ஆள் ஒளிந்திருக்கிறான். இரைச்சலுக்கும் முகம் உண்டு. 100 ஹெர்ட்ஸில் தடித்து இரைந்தால் ஃபில்டர் கண்டன்சர். கையை அருகே கொண்டுபோனால் கூடிக் குறைந்தால் எங்கோ எர்த் விட்டிருக்கிறது. குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் கார்பன் பாதை தேய்ந்திருக்கிறது. கண், மூக்கு, விரல், காது எல்லாவற்றுக்கும் இதில் வேலை இருக்கிறது. காரணத்தைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, தர்க்கத்தால் பிடித்துவிடக்கூடிய கடைசித் தலைமுறை இயந்திரம் என்று வால்வு ரேடியோவைச் சொல்லலாம். இன்றைய கைப்பேசி கெட்டால் அதற்குக் காரணம் இருக்கிறது, நமக்குத்தான் உள்ளே போக வழியில்லை.

சரியாகிவிட்ட செட்டின் சுகம் தனி. சுவிட்சைப் போட்டதும் பேசாது. கேதோடு சூடாக அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். வெதுவெதுத்த தூசியும் மெழுகும் கலந்த ஒரு வாசனை முதலில் வரும், குரல் பிறகு. பிசி-348இன் சுழற்றியில் பல்சக்கரங்கள் இருப்பதால் பல சுற்றுச் சுற்றினால்தான் முள் சிறிது நகரும். 7 மெகாஹெர்ட்ஸில் ஒற்றைப் பக்கப்பட்டைக் குரல் முதலில் வாத்து கத்துவதுபோல் கேட்கும். பீட் ஆஸிலேட்டரை மயிரிழை நகர்த்தினால் வாத்து மெல்ல மனிதனாகி, மதுரையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ 'இங்கே நல்ல மழை' என்று சொல்லும். செட்டு சூடேற ஏற அலைவரிசை நகர்ந்துகொண்டே போகும், நாமும் விரலால் பின்தொடர வேண்டும். கையை எடுத்துவிட்டுக் கேட்கமுடியாத ரேடியோ அது.

*

இந்தப் பெட்டிகளுக்கும் குமரிக் கரைக்கும் நாமறியாத உறவு ஒன்று உண்டு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றோடு ஒட்டிப்போன மணலில் மோனசைட்டைக் கண்டார். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் தோரியத்துக்காகக் கப்பலேறியது. அன்று தோரியம் வேண்டியிருந்தது பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேன்டிலுக்கு. பிறகு வால்வு செய்பவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். டங்ஸ்டன் இழையில் ஒன்றிரண்டு சதவீதம் தோரியம் ஆக்சைடு கலந்தால், குறைந்த சூட்டிலேயே அது எலெக்ட்ரான்களை அள்ளி விடும். 1920களிலிருந்து ஒலிபரப்பி வால்வுகள் பலவற்றில் இந்த இழைதான். ஹாம்கள் மோகிக்கும் 813இல் கண்கூசும் வெளிச்சத்தோடு எரிவதும் அதுவே. எந்த வால்வில் எந்த ஊர் மணல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போது மணவாளக்குறிச்சியின் கருமணல் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

வானத்தோடும் நமக்கு உறவு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்த முனையை ஒட்டி ஓடுகிறது. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் ஆலன் புரௌன் 1850களில் அகத்தியமலை உச்சியில் காந்த ஆய்வுக்கூடம் கட்டியதும், 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் மேலே போனதும் அந்தக் கோட்டின் அருகாமைக்காகத்தான். ஹாமுக்கு இது அன்றாட அனுபவம். அந்தி சாய்ந்ததும் இந்தப் பகுதிக்கு மேலே அயனி மண்டலம் சட்டென்று உயர்ந்து, கொந்தளித்துக் குமிழிகள் விடத் தொடங்கும். தெளிவாக வந்துகொண்டிருந்த குரல் படபடவென்று நடுங்கும். புதிதாக வந்தவன் செட்டைத் திறந்துவிடுவான். பழகியவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பான். எது பெட்டியின் குற்றம், எது வானத்தின் குணம் என்று பிரித்தறிவதும் பழுதுபார்க்கும் கலையில் சேர்த்திதான்.

*

அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றுமில்லை என்பதுதான் பதில். சமிக்ஞை எப்படி இருக்கிறது, ஏரியல் என்ன உயரம், அங்கே மழையா. சர்வதேச வானொலி விதிகளே நெடுங்காலம் அப்படித்தான் சொல்லின. தொழில்நுட்பச் சோதனை பற்றியும், காசு கொடுத்துத் தந்தியடிக்கத் தேவையில்லாத அளவுக்கு முக்கியமற்ற சொந்த விஷயங்கள் பற்றியும் மட்டுமே அமெச்சூர்கள் பேசலாம். முக்கியமின்மையைச் சட்டமாகவே எழுதி வைத்த துறை வேறு ஏதாவது இருக்கிறதா தெரியவில்லை. 2003இல் அந்த விதிகள் திருத்தப்பட்டன. மோர்ஸ் தேர்வைக் கட்டாயமாக்குவதும் அந்தந்த நாடுகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது. இன்றும் வியாபாரம் பேசக்கூடாது. மதமும் அரசியலும் கூடாது. பேசுபொருளிலும் அதே வடிகட்டி. எதையும் சொல்லலாம், யாருக்கும் சொல்லலாம் என்ற இன்றைய ஊடகங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மழையைப் பற்றி மட்டும் பேசும் இருவர் எவ்வளவு நாகரிகமானவர்களாகத் தெரிகிறார்கள்.

முக்கியமற்றதைப் பேசிப் பழகிய குரல்வழி, முக்கியமான நாளில் திறந்திருக்கும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் ஒரு சிறு குழுவோடு போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் அமைத்திருந்தார். அந்தமானிலிருந்து பேச அனுமதி கிடைப்பதே அரிது என்பதால் உலகெங்கும் ஹாம்கள் அவரோடு பேச வரிசையில் நின்றார்கள். 26ஆம் தேதி ஆழிப்பேரலை. தொலைபேசிகள் அடங்கிய தீவிலிருந்து அந்த நிலையம் செய்திகளைக் கடத்தியது. அதே அலை அன்று கொளச்சலிலும் மணக்குடியிலும் செய்ததை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

2017 நவம்பர் 30இன் ஒக்கிப் புயல் வேறொரு பாடம். தூத்தூர் பக்கத்து மீனவர்கள் கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தாண்டிப் போய் மீன்பிடிப்பவர்கள். படகிலிருக்கும் வி.எச்.எஃப். வயர்லெஸ் நேர்க்கோட்டில் போவது, தொடுவானத்தைத் தாண்டி வளையாது. படகிலிருந்து படகுக்குச் செய்தி கைமாறிப் போக வேண்டும். கண்ணி அறுந்தால் அதற்கப்பால் இருப்பவனுக்கு எதுவும் தெரியாது. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரம் கிலோமீட்டர் போகும் சிற்றலை, என் மேசைமேல் பொழுதுபோக்காக இருக்கிறது. அது தேவைப்பட்ட கடலில் இல்லை. பழைய ரேடியோவின் அழகைப் பேசும்போது இந்த உறுத்தலையும் சேர்த்தே பேசத்தான் வேண்டும்.

*

பழைய செட்டு வைத்திருப்பவர்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. செத்த கண்டன்சரை மாற்றலாமா, மாற்றினால் அசல்தன்மை போய்விடுமா என்று. சிலர் பழைய மெழுகுக் குழலின் வயிற்றைச் சுரண்டி, புதிய பாலியெஸ்டர் கண்டன்சரை உள்ளே ஒளித்து, மறுபடி மெழுகு ஊற்றி மூடுவார்கள். நேர்த்தியான வேலைதான். எனக்கு அந்தப் பொறுமையில்லை, மாற்றியதை மாற்றியதாகவே விட்டுவிடுவேன். தடுக்கும் வேலையைச் செய்யாத கண்டன்சரை அசல் என்று போற்றுவதில் அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை. பெட்டியின் அசல்தன்மை அது எதையெல்லாம் ஒதுக்குகிறது என்பதில் இருக்கிறது. மாற்றியதன் மதிப்பைப் பென்சிலால் எழுதி வைத்தால் போதும்.

பெட்டியைச் சரிசெய்துவிடலாம், சுற்றுப்புறத்தை என்ன செய்வது என்பதுதான் இன்றைய சிக்கல். வால்வு காலத்தில் இரைச்சல் என்றால் மின்னலும், எப்போதாவது போகும் மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கும். இப்போது ஒவ்வொரு சார்ஜரும், எல்.ஈ.டி. விளக்கும், இன்வெர்ட்டரும் நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. ஒழுங்காகச் செய்த சார்ஜரில் அந்த அழுக்கை வெளியே விடாத வடிகட்டி இருக்கும். மலிவுச் சார்ஜரில் முதலில் மிச்சம் பிடிப்பது அந்த வடிகட்டியைத்தான். அதாவது, அங்கேயும் விடுபட்டிருப்பது தடுக்கும் உறுப்பு. சிற்றலை முழுக்க ஒரு சீறல் கம்பளிபோட்டு மூடியிருப்பதன் காரணம் இது.

இதற்கும் ஹாம்களிடம் ஒரு சோதனை உண்டு. பேட்டரியில் ஓடும் சிறு ட்ரான்சிஸ்டர் ரேடியோவை நிலையமில்லாத இடத்தில் வைத்துக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். சீறல் அப்படியே இருந்தால் வெளியிலிருந்து வருகிறது. நின்றுவிட்டால் வீட்டுக்குள்ளிருந்து. பிறகு ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டு, ஒவ்வொரு பிளக்காகச் சொருகி ஆளைப் பிடிக்க வேண்டும். தொலைக்காட்சியில் சீரியல் ஓடும் நேரத்தில் இதைச் செய்தால், "ஒங்க ரேடியோவுக்கு வீடே இருட்டாக் கெடக்கணுமோ?" என்ற குரல் அடுக்களையிலிருந்து வரும். நியாயமான கேள்வி. ஆனால் இருட்டில்தான் தெரிகிறது, இவ்வளவு நேரம் மின்வாரியத்தையும் பக்கத்து வீட்டையும் திட்டவைத்துக்கொண்டிருந்த சீறலின் பிறப்பிடம் பெரும்பாலும் நாமே பேரம் பேசி வாங்கி வந்த சார்ஜர்தான் என்பது. அதைக் கழற்றி வைத்த பிறகுதான் வானத்தைக் குறைசொல்ல நமக்கு உரிமை வருகிறது.